வைகாசியில் நட வேண்டாம்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மரம் நடுவோருக்கு ஒரு திறந்த மடல்

இரு மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும், இளைஞர் கழகங்களுக்கும், மரநடுகைக்குப் பணம் ஒதுக்கும் வங்கிகளுக்கும், வெளிநாடுகளில் இருந்து ஊருக்கு அனுப்பும் நம் உறவுகளுக்கும்,

வணக்கமும் ஸலாமும்.

நான் எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கத்தில், உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வளவுக்குள் ஒரு சிறிய நாற்றுமேடை வைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்குக் கன்று கொடுப்பேன். நம் பக்கத்தில் மரம் நட ஆளுக்கும் ஆசைக்கும் குறைவில்லை. பணமும் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. நட்ட கன்று பிழைப்பதுதான் குறைவு. ஏன் பட்டுப்போயிற்று என்று கேட்டால் மாடு தின்றது, பிள்ளைகள் தண்ணீர் ஊற்றவில்லை என்று பதில் வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் வேறொரு காரணம் இருக்கிறது: கன்றையும் இடத்தையும் மாதத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்காமலே நடுகிறோம். இந்த மடல் முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் மாதம்.

ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். அன்றைக்குப் பந்தல் போட்டு, பதாகை கட்டி, அதிதிகளை அழைத்து, வரிசையாகக் குழி வெட்டிக் கன்று வைக்கிறோம். களுத்துறையிலோ இரத்தினபுரியிலோ அதே நாளில் வைக்கும் கன்றுக்கு மறுவாரமே மழை கிடைத்துவிடும். நமக்கோ அதற்கு முன்பே கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று தொடங்கிவிட்டிருக்கும். தென்மேல் பருவக்காற்று தன்னிடமிருந்த ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, பதுளை, பிபிலைப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுகிறது. சூடேற ஏற அதன் ஈரப்பதன் குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் காய்ந்த காற்றுத்தான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் வட்டைகளைக் கடந்து வந்து மத்தியானத்தில் நம் முகத்தில் அடிக்கிறது. மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி நவம்பர், டிசெம்பர் என்ற இரண்டே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் மாதத்துக்கு விழும் பங்கு ஏறக்குறைய 25 மில்லிமீற்றர். ஒரு நல்ல மார்கழி மழை ஒரே மாலையில் இதைவிடக் கூடுதலாகப் பெய்துவிடும்.

பையிலிருந்து எடுத்து வைத்த கன்றின் வேர் இன்னும் அந்தப் பையின் அளவுக்குள்தான் இருக்கும். புதிய வேர்நுனிகள் வெளியே ஓடிச் சுற்றுமண்ணைப் பிடிக்கச் சில வாரங்கள் வேண்டும். அந்த வாரங்களில் இலை வழியாகப் போகும் நீரை வேரால் ஈடுகட்ட முடிந்தால் கன்று பிழைக்கும், முடியாவிட்டால் காயும். கச்சான் அடிக்கும்போது இலை இழக்கும் நீரின் அளவு பல மடங்காகிவிடுகிறது. காலையில் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் மணலில் இறங்கி, பத்து மணிக்குள் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். ஆகஸ்டில் பாடசாலைக்கு விடுமுறை. ஆவணி பிறக்கும்போது குழிக்குள் ஒரு குச்சிதான் நிற்கிறது. தண்ணீர் ஊற்றாத பிள்ளைகளைக் குறை சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததே முடியாத வேலை.

அதே கன்றை ஐப்பசி மழை மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு நனைத்த பிறகு வைத்துப் பாருங்கள். தை முடியும் வரை ஈரம் இருக்கும். அந்த மாதங்களில் வேர் ஆழம் பார்த்துவிடும். கச்சான் திரும்ப வரும்போது அது தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும் கன்றாக இருக்கும்.

நம் காட்டு மரங்கள் இந்தக் கணக்கை எப்போதோ பழகிக்கொண்டவை. பாலை கோடையில் பழுக்கிறது. வேம்பும் அதையொட்டியே பழம் உதிர்க்கிறது. நாவல் ஆடி, ஆவணியில். விதை விழுந்து, முளைக்கத் தயாராகும் நேரத்தில் மழை வந்து சேர வேண்டும் என்கிற ஒழுங்கு அது. வேப்பம் விதைக்குச் சில வாரங்களுக்கு மேல் முளைக்கும் திறன் நிற்பதில்லை. நாவல் விதையும் காயவைத்துச் சேமிக்கக் கூடியதல்ல. ஆகவே ஜூன் 5ஐக் கைவிடும்படி நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளைக் கொண்டு விதை போடுவியுங்கள். பைகளில் மண் நிரப்புவியுங்கள். நிழலில் வரிசையாக அடுக்கிய பைகளுக்குப் பாடசாலைக் கிணற்றடியிலிருந்து தண்ணீர் காட்டுவது நாலைந்து பிள்ளைகளால் முடிகிற வேலை. நடுகை விழாவை மழைக்கு மாற்றுங்கள். அதிதிகள் குடையோடு வரட்டும்.

இனி இடம்.

கல்முனைக் கடற்கரையில் புறப்பட்டு அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குப் பஸ்ஸில் போகிற எவரும் இதைக் கண்ணால் காணலாம். கடல் மணல், தென்னை, வாவியோரச் சேறு, வயல், குளம், காடு, அதற்கப்பால் கல்லோயா தேசியப் பூங்காவின் புல்வெளிகளும் மரங்களும். உயரம் அவ்வளவாகக் கூடவில்லை, மழையும் பெரிதாக மாறவில்லை. ஆனாலும் சில மைல்களுக்கு ஒருமுறை முற்றிலும் வேறு தாவரங்கள். மண்ணின் உப்பும், அது தண்ணீரை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பதும், ஆண்டில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கும் என்பதும், காற்றும், தீயும் சேர்ந்துதான் எது எங்கே நிற்கலாம் என்று பிரித்து வைத்திருக்கின்றன. இத்தனை வகை நிலத்துக்கும் ஒரே நாற்றுமேடையிலிருந்து ஒரே லொறியில் மகோகனியும் மருதும் வேம்பும் ஏற்றிப் போய் இறக்கினால், அவற்றில் பாதி தவறான இடத்தில்தான் இறங்கும்.

கடற்கரை மணலை எடுத்துக்கொள்வோம். தாழங்குடாவிலோ திருக்கோவிலிலோ அடம்பன் கொடி ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் வேர்பிடித்த செடியாக அது இருக்காது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, மணலைத் தைத்துக்கொண்டு போயிருக்கும். காற்று மணலைக் கொண்டுவந்து மேலே மூடினால், மூடிய இடத்திலிருந்து இன்னொரு வேர் இறங்கும், நுனி மேலே வரும். இலை தடித்தது, உப்புத் தூவானம் பட்டாலும் கருகாது. பக்கத்தில் இராவணன் மீசை ஊசிபோன்ற இலைகளை நாற்புறமும் நீட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். இந்த இரண்டும் மணலைக் கட்டிப்போட்ட பிறகுதான் தாழை வரும். தாழைக்குப் பின்னால் புன்னை, பூவரசு. ஒவ்வொரு வரிசையும் காற்றிலுள்ள உப்பைக் கொஞ்சம் வடித்துவிட, அடுத்த வரிசைக்கு வாழ்க்கை சற்று இலகுவாகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாம் பழமொழியாகச் சொல்வதை, பொத்துவில் மணல்மேடுகளில் நின்று பார்த்தால் எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரியும்.

கரை துப்புரவு செய்யும் கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக்கை எடுக்கும்போது அடம்பனையும் சேர்த்து வாரிவிடாதீர்கள். அது களை இல்லை. அந்தக் கரையில் முதலில் நட வேண்டிய தாவரமே அதுதான். அதுவோ நடாமலே வந்திருக்கிறது.

சவுக்கைப் பற்றிப் பேசாமல் கடற்கரையைக் கடக்க முடியாது. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு கரையெங்கும் பச்சைச் சுவர் எழுப்ப வேண்டும் என்று எல்லோரும் துடித்தோம். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மட்டக்களப்பிலும் வீட்டுக்கு வீடு இழவு. அந்த நேரத்தில் வேகமாக வளரும் மரம் தேவைப்பட்டது, சவுக்கு வேகமாக வளர்ந்தது. அதன் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் அது நிற்கும். நட்டவர்களின் நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. இன்று குடியிருப்புகளுக்குக் காற்றுத் தடுப்பாக நிற்கும் சவுக்கை வெட்டும்படியும் நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு முதிர்ந்த சவுக்கந்தோப்புக்குள் நுழைந்து தரையைப் பாருங்கள். உதிர்ந்த ஊசிகள் மெத்தைபோலக் கிடக்கும். அதற்குள் அடம்பன் இல்லை, புல்லும் அரிது. தோப்பை விட்டு வெளியே வந்தால் கொடி படர்ந்திருக்கும். மணலைக் கட்டுகிற தாவரத்தை அப்புறப்படுத்திவிட்டு, ஆழம் போகாத வேருள்ள ஒரே ஒரு மரத்தை நம்பி இருக்கிறோம். கடலாமை முட்டையிட ஏறிவரும் மணலும் அந்த வேர்ப்பின்னலுக்குள் போய்விடுகிறது. புதிதாக நடுவதென்றால் முன்வரிசை மணலைக் கொடிகளுக்கு விடுங்கள். உழவு இயந்திரமும் வாகனமும் ஏறாதபடி நாலு கட்டை நட்டுக் கயிறு கட்டினால் போதும். அதற்குப் பின்னால் தாழை, புன்னை, பூவரசு.

ஒரே மரத்தை நம்புவதன் விலையை மட்டக்களப்பார் ஏற்கெனவே கண்டவர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியில் சாய்ந்த தென்னந்தோட்டங்களைப் பற்றி வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள்.

அடுத்தது வாவி. இங்கேதான் ஆகக் கூடுதலான பணமும் உழைப்பும் வீணாகிறது என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்தாலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்தாலும் கடலைத் தொடுகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடும். மாரியில் வெள்ளம் ஏறி வயலுக்குள் வரும்போது வெட்டிவிடுவார்கள். ஆகவே ஆண்டுக்குள்ளேயே வாவியின் உப்பும் நீர்மட்டமும் பெரிதாக மாறும். இடத்துக்கு இடமும் மாறும். முகத்துவாரத்துக்குக் கிட்ட உப்பு கூட, ஆறுகளும் வாய்க்கால்களும் வந்து விழும் பக்கங்களில் குறைவு. கிட்டங்கியில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) நீரை மூடிக்கொண்டு கிடப்பதையும், பட்டணத்துப் பக்கத்தில் அது நிலைக்காததையும் கண்டிருப்பீர்கள். நன்னீரும் வயலிலிருந்து வடிந்து வரும் உரமும் கிடைக்கும் இடத்தில் அது பெருகும், உப்பு ஏறிய நீரில் கருகிச் சாகும். 1909 இலேயே தனிச் சட்டம் போட்டும் ஒழிக்க முடியாத அந்தச் செடியை உப்பு நிறுத்திவிடுகிறது.

உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மர வகைகளும் இதே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு, வாவிக்குள் அதைவிடக் குறைவு. அதனால் தரை ஒரு சாண் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ நீர் நிற்கும் நாட்கள் மாறிவிடும், நிற்கிற தாவரமும் மாறிவிடும். நீரோரத்தில் முட்டுக்கால் வேர் ஊன்றி நிற்பதைத்தான் வெறுமனே கண்டல் என்கிறோம். அதற்குப் பின்னால், சற்று மேட்டில், சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சு வேர்களை நீட்டி நிற்பது கண்ணா. வெண்கண்டல் என்றும் சொல்வார்கள். கோடையில் அதன் இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் அது. இன்னும் மேட்டில் தீப்பரத்தையும் தில்லையும். தில்லையின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புக் குறைந்த நீருக்கு வேறு ஆள்: குமண வில்லு என்ற சதுப்பு நிலத்தில் ஆகக் கூடுதலாக நிற்பது கின்னை மரம்.

நாம் நடுவது எதை? அநேகமாக எல்லா இடத்திலும் கண்டலை மட்டும். காரணம் அதன் காய் மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. பைகூடத் தேவையில்லை. ஒரே காலையில் நூறு பேர் ஆயிரக்கணக்கில் குத்திவிடலாம், படமும் நன்றாக வரும். குத்திய இடம் எது? காணிச் சண்டை இல்லாத இடம், அதாவது வாவிக்குள் துருத்தி நிற்கும் வெறும் சேற்றுத்திட்டு. அங்கே கண்டல் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி அந்தத் தரை நீருக்குள் கிடக்கும். எந்நேரமும் மூழ்கிக் கிடந்தால் கண்டலுக்கும் மூச்சு முட்டும். அப்படியொரு நடுகைத் திட்டில் நான் இறங்கிப் பிடுங்கிப் பார்த்த முளைகள் சேற்றுக்குள் கறுத்து, பாசி பிடித்து, தொட்டதும் தோல் உரிந்து வந்தன. அதே கரையில், மேலே, ஒரு மாட்டு வழியின் ஓரத்தில், யாரும் நடாத கண்ணாக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றன.

இது என் ஒருவனுடைய கண்ணில் பட்ட விஷயம் மட்டும் இல்லை. நாடு முழுவதும் கண்டல் நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரை நட்டதில், பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டெயர் வரைதான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரையில். பொருந்தாத தரையும், உப்பும், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காததும் முக்கிய காரணங்களாக அதில் வருகின்றன.

என்ன செய்யலாம்? கண்டல் முன்பு நின்று அழிந்த இடம் எது என்று மீனவர் சங்கத்தினரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத மடு இல்லை. அங்கே ஏன் திரும்ப முளைக்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு தெரு, ஒரு மண் அணை, கைவிட்ட இறால் பண்ணையின் வரம்பு நீர் வந்து போகும் வழியை அடைத்திருக்கும். அந்த அடைப்பைத் திறந்துவிட்டால், பக்கத்தில் தாய்மரம் இருக்குமானால், விதை மிதந்து வந்து தானே ஒதுங்கும். தாய்மரம் இல்லாத இடத்தில்தான் நட வேண்டும்; அதையும் வெள்ளம் வடிந்து சேறு தலைகாட்டும் தை, மாசியில், அந்தந்த மேட்டுக்குரிய இனத்தை. ஒரு மண்வெட்டியும் ஒரு குழாயும் செய்யும் வேலைக்கு ஆயிரம் கன்று நட்டதாகப் பதாகை கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். பணம் தருகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வயல்வெளியில் சொல்ல வேண்டியது குறைவு. ஆற்றோரத்துக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் மருதைப்போல ஒரு மரம் இல்லை. வேர் நீரில் கிடந்தாலும் நிற்கும், கரையையும் பிடிக்கும். அதையே கொண்டுபோய்க் கடற்கரை வீதியோர மணலில் வைத்தால் அதற்கும் கேடு, நமக்கும் நட்டம். குளக்கட்டின் மேல் பெரிய மரம் எதையும் வைக்க வேண்டாம். மரம் பட்டு வேர் உக்கினால் அந்த ஓட்டை வழியே கட்டுக்குள் நீர் போகும். தாழ்ந்த வட்டை ஓரங்களில் கார்த்திகை நடுகை வெள்ளத்தில் அழுகிவிடும். அங்கே மட்டும் தை வரை பொறுங்கள்.

மாரியில் வெள்ளம் நின்று கோடையில் புல் கிடக்கும் வில்லுகளைத் தரிசு என்று எழுதி மரநடுகைக்கு ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். அரை ஆண்டு நீர், அரை ஆண்டு வரட்சி இரண்டையும் தாங்கும் புல்லுக்கும் கோரைக்கும் பன்னுக்கும் உரிய நிலம் அது. பன் பாய் இழைக்கும் பெண்களுக்கும் மாட்டுக்காரருக்கும் அது வாழ்வாதாரம், பறவைகளுக்கு இரை. மரம் இல்லாத நிலமெல்லாம் வெறும் நிலம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கல்லோயாப் பக்கத்துப் புல்வெளிகளும் அப்படித்தான். நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் தடித்த பட்டையோடு, அவ்வப்போது வரும் தீயைத் தாங்கி, இடைவெளி விட்டு நிற்கும் நிலம் அது. இடைவெளியை அடைத்து நட்டால் அந்த மூன்றுக்கும் வெயில் போய்விடும்.

காட்டைப் பற்றி ஒன்று. இலங்கையில் 3,000க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் உண்டு. அவற்றில் நான்கில் ஒன்றுக்கு மேல் வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவை, ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் தென்மேற்கு ஈரவலயத்தில் நெருக்கமாக வாழ்கின்றன. அதனால் அங்குள்ள சிங்கராஜா மழைக்காட்டைப் பார்த்துவிட்டு வருகிற நம் பிள்ளைகள், நம் காட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் அவர்களைக் கோடை உச்சத்தில் வாகனேரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும்படி சொல்வேன். மாதக்கணக்கில் மழையில்லை, கச்சான் கொளுத்துகிறது. அப்போதும் பாலையும் வீரையும் பச்சை இலையோடு நிற்கும். ஈரவலயத்து மரம் ஒன்றை அங்கே நட்டால் ஒரு கோடை தாண்டாது. சிறிய, தடித்த, மெழுகு பூசிய இலையும், கற்பாறை வெடிப்புக்குள்ளும் நீர் தேடிப் போகும் வேரும் அவற்றின் சொத்து. முதிரையும் கருங்காலியும் அந்தக் கூட்டத்தில் உள்ளவைதான். அவை மெதுவாக வளரும். அதனாலேயே நாற்றுமேடைகளில் அவற்றைக் காண முடிவதில்லை. மூன்று மாதத்தில் முழ உயரம் காட்டும் கன்றுக்குத்தான் கேள்வி இருக்கிறது. பாலைக் கன்று முதல் ஆண்டில் ஒரு சாண் வளர்ந்தால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நிழல் தரும் ஒரு பற்றைக்குப் பக்கத்தில் வைத்தால் பிழைக்கும். துப்புரவாக வெட்டிய வெளியில் வைத்தால் கருகும். நடுகைக்கு முன் பற்றைகளை டோசர் விட்டு வழிப்பது கன்றின் நிழலை நாமே அழிப்பதாகும்.

சபைகளுக்கு என் கோரிக்கை இது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் எழுதும்போது நடுகைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை நட்ட பிறகு வரும் இரண்டு கோடைகளுக்கு வையுங்கள்: வேலி, தண்ணீர், ஒரு காவலாளின் கூலி. நட்ட எண்ணிக்கையை அறிவிப்பதோடு, அடுத்த ஆவணியில் உயிரோடிருக்கும் எண்ணிக்கையையும் அதே அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எண்ணிப் பார்க்கவும், எந்த மண்ணுக்கு எது என்று பட்டியல் போடவும் அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கு: ஆயிரம் கன்றுக்குப் பணம் அனுப்ப எண்ணியிருந்தால், நூறு கன்றுக்கு அனுப்பி, மிச்சத்தை அந்த நூறும் இடுப்பளவு வரும் வரைக்குமான பராமரிப்புக்குக் கொடுங்கள். நினைவு தினத்தில்தான் நட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். இறந்தவரின் பெயரில் வைத்த கன்று காய்ந்து நிற்பதைப் பார்க்கும் குடும்பத்தின் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் பக்கத்து வளவிலேயே கண்டிருக்கிறேன். திதி ஆனியில் வந்தால் அன்றைக்கு விதை போடலாம், கார்த்திகையில் அதே பெயரில் கன்றாக வைக்கலாம்.

அதிபர்களுக்கு: பாலைப்பழம் சந்தைக்கு வரும் காலத்தில் பிள்ளைகளிடம் கொட்டையைத் துப்பிவிடாமல் கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேப்பம் பழத்தையும் நாவலையும் பொறுக்கிய அதே வாரத்தில் பையில் போடுங்கள். தாழங்குடாவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் ஒரே விதை பொருந்தாது. உங்கள் பாடசாலை நிற்கும் மண் எது என்று பார்த்து, அந்த மண்ணில் ஏற்கெனவே நிற்கும் கிழட்டு மரத்தடியில் பொறுக்குங்கள். பை நிரப்பும் கலவை, விதை ஊறவைக்கும் முறை, எவ்வளவு நிழல் என்பதையெல்லாம் வந்து காட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். மட்டக்களப்புக்குள் எந்தப் பாடசாலை என்றாலும் வருவேன்; அம்பாறைப் பக்கத்தில் பொத்துவில் வரைக்கும் வரலாம். சித்திரை விடுமுறை முடிந்ததும் அழைத்தால், வைகாசிக்குள் மேடை தயாராகிவிடும்.

அன்புடன்,
எழுவான்கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்